முடிக்கு வேண்டிய சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது



நமது மளிகைக் கடைகளுக்கு வருகின்ற தாய்மார்கள் அண்மைக் காலமாகப் புதிய சரக்கு ஒன்றைக் கேட்கிறார்கள். "முடி கொத்துக் கொத்தாக் கொட்டுதண்ணே, கந்தகச் சத்து பவுடர் இருக்கா?" என்கிறார் ஒருவர். "அமினோ அமிலம்னு போட்ட டப்பா வருதாமே, உங்ககிட்ட கிடைக்குமா?" என்கிறார் இன்னொருவர். கேட்ட சரக்கை எடுத்துக் கொடுப்பது நம் தொழில். ஆனால் கொடுக்கும் சரக்கு என்ன வேலை செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து கொடுப்பதும் நம் தொழில்தான். அதைப் பற்றிச் சில செய்திகளை நம் உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பற்று நோட்டு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர், ஒரு நெசவுக் குடும்பத்தின் பாக்கி ஏன் ஏறிவிட்டது என்று காட்ட அந்த நோட்டைக் கொண்டு வந்தார். ஐப்பசி வரை மாதம் இரண்டு கிலோவாக இருந்த துவரம் பருப்பு, தை மாதத்தில் ஒரு கிலோவாகியிருந்தது. கடலை அடியோடு நின்றிருந்தது. அந்த இடத்தில் முடி வளர்ச்சிப் பவுடர் இரண்டு டப்பா பற்றெழுதியிருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு ஐப்பசியில் கடுமையான காய்ச்சல். தை பிறந்ததும் முடி கொட்டத் தொடங்கியது. பயந்து போய்ப் பவுடர் வாங்கியிருக்கிறார். பிறகு அரசு மருத்துவமனையில் இரத்தம் பார்த்தபோது இரத்தசோகை என்று தெரிந்தது. பருப்பைக் குறைத்துப் பவுடர் வாங்கியிருக்கிறார்கள். அந்த டப்பாக்கள் நம் கிடங்கிலிருந்து போனவை. பற்று நோட்டைப் படித்து முடித்தபோது நமக்கு மனம் சரியில்லை.

பட்டும் முடியும்

முடி எதனால் ஆனது என்பதைப் பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளக்கலாம். அசல் பட்டா என்று பார்க்க நாம் என்ன செய்கிறோம்? ஓர் இழையை உருவித் தீயில் காட்டுகிறோம். முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் நின்றால் பட்டு. உருகிக் கெட்டியான உருண்டையாக நின்றால் பாலியஸ்டர். பட்டுக்கு ஏன் முடி நாற்றம் வருகிறது? இரண்டும் புரதம் என்பதால்தான்.

புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் சிறு மணிகளைக் கோத்த மாலை. மணிகளில் இருபது வகை உண்டு. எந்த மணி எத்தனை, எந்த வரிசையில் என்பதைப் பொறுத்துப் பட்டாகவும், முடியாகவும், தசையாகவும் ஆகிறது. பட்டு இழையில் இருப்பவை பெரும்பாலும் கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று சிறிய மணிகள். அதனால் அது வழவழப்பாகவும் மென்மையாகவும் இருக்கிறது. முடியின் புரதத்துக்குக் கெராட்டின் என்று பெயர். இதில் சிஸ்டீன் என்ற மணி ஏராளம். சிஸ்டீனில் கந்தகம் உண்டு. பக்கத்துப் பக்கத்து மாலைகளில் உள்ள இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தோடு கந்தகம் கைகோத்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. முடியின் உறுதிக்கு இந்த முடிச்சுகள் முக்கிய காரணம். முடியின் எடையில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்கு கந்தகம். பட்டில் கந்தகம் மிக மிகக் குறைவு.

ஆகவே முடிக்குக் கந்தகம் வேண்டும் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது பொய் இல்லை. 1963இல் ஆஸ்திரேலியாவில் ரெய்ஸ், ஷின்கெல் என்ற இரு விஞ்ஞானிகள் செம்மறி ஆடுகளின் வயிற்றுக்குள் நேரடியாகக் கந்தக அமினோ அமிலங்களைச் செலுத்திப் பார்த்தார்கள். கம்பளி கூடுதலாக வளர்ந்தது. அதிலுள்ள கந்தகமும் கூடியது. ஆனால் ஆட்டுக்கு உடம்பெல்லாம் ரோமம். ஆண்டு முழுவதும் கிலோ கணக்கில் கம்பளி வளர்த்தாக வேண்டும். நமக்குத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சி. ஆட்டுக்கு ஆகிற கணக்கை ஆளுக்குப் போட முடியாது.

குன்னூர் சொன்ன பாடம்

புரதம் குறைந்தால் முடி என்னவாகும் என்பதை நம் நாட்டில் விரிவாக ஆராய்ந்த இடம் நீலகிரியில் உள்ள குன்னூர். அங்கே 1918இல் சர் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சிதான் பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. சேலத்தில் 1918இல் பிறந்து, நூறாண்டு கண்டு 2019இல் மறைந்த டாக்டர் சி. கோபாலன் குன்னூரில் பணியாற்றியபோது, குவாஷியார்கர் என்னும் புரதக் குறைவு நோய் கண்ட குழந்தைகளை ஆராய்ந்தார். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1935இல் அந்தப் பெயரோடு உலகுக்கு எடுத்துச் சொன்ன நோய் இது.

இந்த நோயில் குழந்தையின் கால் வீங்கும், தோல் உரியும். கூடவே கருமுடி செம்பட்டையாகி, மெலிந்து, இழுத்தால் வலியின்றிக் கையோடு வரும். சாப்பாடு கிடைத்த காலத்தில் வளர்ந்த பகுதி கறுப்பாகவும், கிடைக்காத காலத்தில் வளர்ந்த பகுதி வெளிறியும், ஒரே முடியில் பட்டை பட்டையாக நிறம் மாறி நிற்பதும் உண்டு. வரவு செலவு எழுதிய பேரேடு போல, அந்தக் குழந்தை எந்த மாதம் உண்டது, எந்த மாதம் பட்டினி கிடந்தது என்பதை முடி எழுதி வைத்திருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு நல்ல சாப்பாடு கொடுத்துத் தேற்றியபோது முடியும் நிறம் திரும்பி வளர்ந்தது.

இதில் நமக்குப் பாடம் என்ன? உடம்புக்குப் புரதம் போதாதபோது அது இதயத்துக்கும் இரத்தத்துக்கும் தசைக்கும் கொடுத்தது போகத்தான் முடிக்குக் கொடுக்கும். கடன் நெருக்கும்போது நாம் கடையின் வெள்ளையடிப்பைத் தள்ளிப் போடுகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

ஒரு நாள் சாப்பாட்டுக் கணக்கு

சிஸ்டீனை உடம்பே தயாரித்துக்கொள்ளும். அதற்கு மெத்தியோனின் என்ற இன்னொரு கந்தக அமினோ அமிலம் வேண்டும். மெத்தியோனினை உடம்பால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். லைசின் என்ற மணியும் அப்படியே. இதில் கந்தகம் இல்லை, ஆனால் இது இல்லாமல் எந்தப் புரதத்தையும் கட்ட முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் தேவை. 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பெரியவர்களுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் கந்தக அமினோ அமிலம் 15 மில்லிகிராம், லைசின் 30 மில்லிகிராம் வேண்டும். 55 கிலோவுக்கு இது முறையே 825 மில்லிகிராம், 1,650 மில்லிகிராம் ஆகிறது.

இப்போது நம் சரக்கை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போடுவோம்.

அரிசி 300 கிராம்: புரதம் 21 கிராம், கந்தக அமினோ அமிலம் 940 மில்லிகிராம், லைசின் 770 மில்லிகிராம்.

துவரம் பருப்பு 60 கிராம்: புரதம் 13 கிராம், கந்தக அமினோ அமிலம் 290 மில்லிகிராம், லைசின் 910 மில்லிகிராம்.

நிலக்கடலை 30 கிராம்: புரதம் 7 கிராம், கந்தக அமினோ அமிலம் 190 மில்லிகிராம், லைசின் 280 மில்லிகிராம்.

பால் அல்லது தயிர் 200 மில்லி: புரதம் 6 கிராம், கந்தக அமினோ அமிலம் 200 மில்லிகிராம், லைசின் 500 மில்லிகிராம்.

கூட்டினால் புரதம் 47 கிராம், கந்தக அமினோ அமிலம் 1,620 மில்லிகிராம், லைசின் 2,460 மில்லிகிராம். மூன்றும் தேவைக்குக் குறையவில்லை. கந்தகம் தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது.

அதே பெண் பருப்பையும் கடலையையும் பாலையும் விட்டு, சோறும் ஊறுகாயும் மட்டும் உண்டால் என்ன ஆகும்? முதல் வரியைப் பாருங்கள். கந்தகம் அப்போதும் 940, போதுமானதுதான். ஆனால் புரதமும் லைசினும் பாதிகூட இல்லை. தறியில் பாவு பூட்டி வைத்து, ஊடை நூல் தீர்ந்து போனால் வேலை நிற்கும் அல்லவா? மீந்த பாவைக் கொண்டு சேலை நெய்ய முடியாது. உடம்பும் அப்படித்தான். ஒன்று குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தும் பயனில்லை. மீந்ததை உடம்பு விறகாக எரித்துவிடும்.

எனவே முடி கொட்டுகிறது என்று வருகிறவருக்குப் பெரும்பாலும் குறைவாக இருப்பது கந்தகமே அல்ல. சாப்பாடு குறைந்தவராக இருந்தால் அவருக்குக் குறைவது பருப்பு. அதை நிறுத்திவிட்டுக் கந்தகப் பவுடர் வாங்குவது, ஊடை இல்லாத தறிக்கு இன்னும் கொஞ்சம் பாவு வாங்குவது போன்றது.

அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் தாராளம். பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பும். இந்தச் சூத்திரம் நம் ஊருக்குப் புதிதல்ல. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் அரிசியும் உளுந்தும்தான் மாவு. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேக வைக்கிறார்கள். அமினோ அமிலம் என்ற பெயரே தெரியாத காலத்துச் சமையல் அது. பொங்கல், பருப்புச் சாதம், அடை எல்லாம் இதே கூட்டணிதான்.

நம் அலமாரியில் உள்ளவை

எள்: கந்தக அமினோ அமிலத்தில் நம் மளிகைச் சரக்குகளிலேயே முன்வரிசையில் நிற்பது இது. 100 கிராமில் சுமார் 18 கிராம் புரதம், 900 மில்லிகிராமுக்கு மேல் கந்தக அமினோ அமிலம். எள்ளுருண்டை, எள்ளுப்பொடி, மிளகாய்ப்பொடியில் ஒரு பங்கு எள் என எப்படியும் சேர்க்கலாம். ஆனால் நல்லெண்ணெயில் புரதம் இல்லை. செக்கில் ஆட்டியபின் புரதம் முழுவதும் பிண்ணாக்கோடு மாட்டுக்குப் போய்விடுகிறது. எண்ணெய் விற்கும்போது இந்த விஷயத்தை மறக்க வேண்டாம்.

முட்டை: ஒன்றில் 6 கிராம் புரதமும் சுமார் 300 மில்லிகிராம் கந்தக அமினோ அமிலமும் உண்டு. வேக வைத்தே உண்ண வேண்டும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்து உடம்பில் சேரவிடாது.

உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை: 100 கிராமில் 20 முதல் 25 கிராம் புரதம். வறுத்த கடலையும் சுண்டலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தக்கவை.

கம்பு: 100 கிராமில் 11 கிராம் அளவுக்குப் புரதம். அரிசியைவிடக் கூடுதல்.

வெங்காயம், பூண்டு: இவற்றில் கந்தகம் இருக்கிறது என்பது உண்மை. கண்ணீர் வரவழைப்பதும் மணப்பதும் அந்தக் கந்தகமே. ஆனால் முடி கட்டுவதற்கு வேண்டிய கந்தகம் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற உருவில் வர வேண்டும். வெங்காயத்தின் மணச் சத்து அந்தக் கணக்கில் சேராது. 100 கிராம் வெங்காயத்தில் புரதமே ஒன்றிரண்டு கிராம்தான். சாம்பாரில் வெங்காயம் நல்லது. ஆனால் சாம்பாரை முடிக்கு உதவும் பண்டமாக்குவது அதிலுள்ள பருப்பு.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பற்றியும் கேட்பார்கள். வெளியே தெரியும் முடி உயிரற்ற இழை. அதற்கு உணவூட்ட முடியாது. தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊறி, தலை குளிக்கும்போது புரதம் அரித்துப் போவதைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இருக்கிற முடியைக் காப்பது அதன் வேலை. புது முடி முளைக்க வைப்பது அல்ல.

எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி போன்றவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வதும் உண்டு. அதிர்ச்சியில் ஏராளமான முடி வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், ஓய்வு முடிந்ததும் ஒன்றாக உதிர்கின்றன. ஐப்பசிக் காய்ச்சலுக்குத் தையில் முடி கொட்டியது இதனால்தான். வேர் சாவதில்லை. காரணம் நீங்கினால் சில மாதங்களில் முடி தானே திரும்பும். எந்த டப்பாவைத் தின்றாலும் திரும்பும், தின்னாவிட்டாலும் திரும்பும். பெருமை மட்டும் டப்பாவுக்குப் போகும்.

இரத்தசோகை, தைராய்டு கோளாறு, பூஞ்சைத் தொற்று, வட்ட வட்டமாக முடி உதிரும் புழுவெட்டு, பரம்பரை வழுக்கை ஆகியவற்றைச் சோதித்துத்தான் அறிய முடியும். பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்கிறது 2020 பரிந்துரை. கீரை, பயறு, கம்பு, எள்ளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேர்வது குறையும். ஆனால் இரத்தசோகை வந்துவிட்டால் உணவு மட்டும் போதாது. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை வேண்டும்.

பயோட்டின் மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. இதன் குறைபாடு சாதாரணமாக உண்பவர்களுக்கு அரிது. அதிக அளவில் விழுங்கினால் தைராய்டு பரிசோதனையிலும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையிலும் தவறான முடிவு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்திருக்கிறது.

சட்டமும் நாமும்

முடி முளைக்கும், நரை மாறும், வழுக்கை தீரும் என்று மருந்துக்கு உரிமை கொண்டாடக் கூடாது என்பது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் உள்ளது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால், அதில் பங்கு பெற்றவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த அட்டையைத்தானே மாட்டினோம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சத்துப் பவுடர் டப்பாவை அடுக்கும் முன் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் புரதம் என்று பின்புறம் போட்டிருப்பதைப் படியுங்கள். 25 கிராம் துவரம் பருப்பில் ஐந்து கிராமுக்கு மேல் இருக்கிறது. இரண்டின் விலையையும் வைத்து ஒப்பிட நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியின் பெருமை வணிகன் நல்ல சரக்கைக் கொடுக்கும் வரைதான். அந்தப் பவுடரை நாம் இப்போது கொள்முதல் செய்வதில்லை. லாபம் கொஞ்சம் குறைந்தது உண்மை. பிள்ளையார்பாளையம் நண்பர் தம் பற்று நோட்டை மறுபடி காட்டினார். துவரம் பருப்பு இரண்டு கிலோ, நிலக்கடலை ஒரு கிலோ, எள் கால் கிலோ என்று எழுதியிருந்தது. அந்த அம்மா இரும்பு மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறாராம்.

முடி கொட்டுகிறது என்று உங்கள் கடைக்கு யாராவது வந்தால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டில பருப்பு இருக்காம்மா?"